எண் உரைக்கும் எச்சரிக்கை

இலண்டனுக்கு அருகே அந்நாளில் சிற்றூராயிருந்தது டெடிங்டன். 1709 முதல் 1761-இல் தாம் இறக்கும் வரை அவ்வூர்ப் பங்கில் பணியாற்றியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். படைப்பின் நியதிகளை அளந்தறிவதில் பேரார்வம் கொண்ட அவர், குதிரையொன்றின் இரத்தக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பி நின்றது. 1733-இல் இதனை நூலாக வெளியிட்டார். இரத்த அழுத்தத்தை அளந்த வரலாறு இவ்வாறு ஓர் ஊர்க் குருவிடமிருந்தே தொடங்குகிறது.

ஆயினும், இம்முறையால் நோயாளியை அளக்க இயலாது. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, மேற்கையில் காற்றுப்பட்டை கட்டி, நாடித்துடிப்பு மறையும் அழுத்தத்தைப் பாதரச அளவில் கண்டார். 1905-இல் இரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் செவிமடுத்தார். காற்றை மெல்ல இறக்குகையில் ஒலி தோன்றுமிடம் இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம். ஒலி மறையுமிடம் அது விரியும்போதுள்ள அழுத்தம். மருத்துவச் சீட்டில் மேலும் கீழுமாக எழுதப்படும் இரு எண்கள் இவையே.

எண்ணை அறிந்த மருத்துவ உலகம் அதன் பொருளை உடனே அறிந்துவிடவில்லை. முதுமையில் அழுத்தம் ஏறுவது இயல்பே என்று மருத்துவர் பலர் எண்ணினர். 1944 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டைச் சோதித்த இதய மருத்துவர் 186/108 என்று குறித்தார். ஓய்வும் உப்புக் குறைப்பும் சில மருந்துகளும் தரப்பட்டன. அழுத்தத்தைத் திறம்படக் குறைக்கும் மருந்து அன்று இல்லை. 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் இரத்தம் கசிந்து அவர் சரிந்தார். அப்போது கண்ட அளவு 300/190. அன்றே இறந்தார், வயது 63.

1948-இல் ஃபிரேமிங்காம் நகரில் தொடங்கிய நெடிய ஆய்வு, உயர் அழுத்தம் இதயநோய்க்கு வழிகோலுவதைத் தெளிவாக்கியது. மிகுந்த அழுத்தமுள்ளோர்க்கு மருந்து தந்தால் பெருங்கேடுகள் குறையும் என்பதை 1967-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு மெய்ப்பித்தது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாத மருந்துகள் இன்று எளியோர்க்கும் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கின்றன.

எனினும், “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று சோதனையைத் தள்ளிப்போடுவோர் நம்மிடையே பலர். இந்நோய் பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது. எண் இறங்கியதும் மருந்தை நிறுத்துவோரும் உளர். இறங்கியது மருந்தால் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஒருமுறை அளவு கூடியதால் அஞ்சவும் வேண்டா. சற்று அமர்ந்து இளைப்பாறிய பின், வெவ்வேறு நாள்களில் அளந்தே மருத்துவர் முடிவு செய்வார்.

மனம் உறுத்தவில்லை என்பதற்காக நாம் ஆன்ம சோதனையை விட்டுவிடுவதில்லை. உறுத்தல் மழுங்கிய நாளிலேதான் அது மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆன்மாவுக்குக் காட்டும் இவ்விழிப்பை, அதே இறைவன் தந்த உடலுக்கும் காட்டுவது நம் கடமையன்றோ!