வானம் இல்லாத காடு: 2003-ன் கிராபிக்ஸ் கார்டு சண்டை

போன வாரம் என் சித்தி பையன் வாட்ஸ்அப்பில் ஒரு பார் சார்ட் அனுப்பினான். இரண்டு கிராபிக்ஸ் கார்டு. பச்சைக் கோடு கொஞ்சம் நீளம், சிவப்புக் கோடு கொஞ்சம் குட்டை. "அண்ணா, பச்சைதானே வாங்கணும்?" பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு, பாவம். "இருடா, முதல்ல ஒரு கதை சொல்றேன்"னேன். அவன் கதை கேட்கிற மூடில் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2002 வாக்கில் என்விடியாதான் ராஜா. தன் பழைய போட்டியாளரான 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்கி, அந்தக் கதையை முடித்திருந்தது. அந்த ஆகஸ்டில் கனடாவின் ஏடிஐ நிறுவனம் ரேடியான் 9700 ப்ரோவை இறக்கியது. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 9 வெளிவரவே டிசம்பர் ஆனது. கார்டு அதற்கும் முன்னாடியே தயார்! என்விடியாவின் பதில் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. நவம்பரில் அறிவித்தார்கள், ஆனால் கடைக்கு வர 2003 ஆகிவிட்டது. 500 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அந்த சிப்பைக் குளிர்விக்க வைத்த ஃபேன் போட்ட சத்தத்தில், கார்டுக்கு வேக்வம் கிளீனர் என்கிற மாதிரி பட்டப்பெயரே விழுந்தது. என்விடியா ஊழியர்களே அதைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ எடுத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். கார்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நிஜமான மோதல் 2003 மே மாதம். என்விடியா தவறுகளைத் திருத்தி எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவை வெளியிட்டது. எதிரே ஏடிஐயின் ரேடியான் 9800 ப்ரோ. 256 எம்பி மெமரியோடு இரண்டுமே 499 டாலர். பல விளையாட்டுகளில் இரண்டும் ஒட்டி ஒட்டியே ஓடின. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் எஃப்எக்ஸ் திணறியது: ஷேடர்.

ஷேடர் என்றால் திரையில் ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறம் என்று கணக்குப் போடும் குட்டி நிரல். டைரக்ட்எக்ஸ் 9 அந்தக் கணக்குக்குக் குறைந்தது 24 பிட் துல்லியம் கேட்டது. ஏடிஐ சரியாக 24 பிட்டில் வேலை செய்தது. என்விடியாவிடம் இருந்தது 16 அல்லது 32. பதினாறில் போனால் வேகம் உண்டு, துல்லியம் பத்தாது. முப்பத்திரண்டில் போனால் துல்லியம் உண்டு, வேகம் படுத்துவிடும். சிப்பைச் செய்து முடித்த பிறகு இதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது டிரைவர் மட்டும்தான். அதாவது விளையாட்டு கேட்பதை கார்டுக்குப் புரியும்படி மொழிபெயர்த்துக் கொடுக்கும் மென்பொருள்.

அப்போது கார்டுகளுக்கு மார்க் போடும் தேர்வு 3டிமார்க் 03. ஃபின்லாந்தின் ஃபியூச்சர்மார்க் அதைத் தயாரித்து, பிப்ரவரியில் வெளியிட்டிருந்தது. எந்த விளையாட்டும் இப்படி எழுதப்படுவதில்லை என்பது என்விடியாவின் புகார். அந்தத் தேர்வை உருவாக்க உதவும் பீட்டா குழுவிலிருந்து அது முன்பே வெளியேறியும் இருந்தது. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் வாங்குகிறவர்கள் பார்த்தது அந்த எண்ணைத்தான்.

3டிமார்க்கில் நாம் விளையாடுவதில்லை, வேடிக்கைதான் பார்க்கிறோம். கேமரா தண்டவாளத்தில் போகிற மாதிரி ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் போகும். புல், இலை, தண்ணீர், வானம் எல்லாம் வரும் 'மதர் நேச்சர்' காட்சியும் அப்படித்தான். எக்ஸ்ட்ரீம்டெக், பியாண்ட்3டி ஆகிய இரண்டு தளங்களிடம் கேமராவை இஷ்டத்துக்குத் திருப்பக்கூடிய பதிப்பு இருந்தது. எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவில் அந்தக் கேமராவைப் பாதையை விட்டு விலக்கிப் பார்த்தார்கள்.

வானத்தைக் காணோம்! இருக்க வேண்டிய இடத்தில் துண்டு துண்டாக ஓட்டை, பழைய படத்தின் இழுவல். சினிமா செட் பார்த்திருப்பீர்கள். முன்னாடி ஜோரான பங்களா, பின்னாடி போனால் பிளைவுட்டும் சவுக்குக் கம்பும். டிரைவருக்குப் பாதை முன்கூட்டியே தெரியும். கேமரா கண்ணில் படாத பகுதியை வரையாமலே விட்டிருந்தது. வரையாத வேலைக்கு நேரம் ஆகாது, மார்க் ஏறும்.

மே 23 அன்று ஃபியூச்சர்மார்க் தணிக்கை அறிக்கை வெளியிட்டது. டிரைவர் 3டிமார்க்கை அடையாளம் காணாதபடி ஒரு பேட்ச் போட்டதும் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24.1 சதவீதம் சரிந்தது. ஒட்டி ஓடுகிற இரண்டு கார்டுகளுக்கு நடுவே அது மலை அளவு வித்தியாசம். ஏடிஐயும் சுத்தமில்லை, 1.9 சதவீதம் இறங்கியது. ஷேடர் கட்டளைகளின் வரிசையைத்தான் மாற்றினோம், படம் மாறவில்லை என்று சொல்லி, அதையும் எடுத்துவிடுகிறோம் என்றது.

நான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததே இதற்கு அப்புறம் நடந்ததுக்காகத்தான். ஜூன் தொடக்கத்தில் ஃபியூச்சர்மார்க்கும் என்விடியாவும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். அது ஏமாற்று வேலை அல்ல, ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்கென்று செய்த மேம்படுத்தலாம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வானம் அதே மாதிரி காணாமல்தான் இருந்தது, அதற்குச் சொல்லும் பெயர்தான் மாறியது. மார்க் போடுகிறவருக்கே இப்படிப் பின்வாங்க வேண்டி வந்தால், அந்த மார்க்கை நம்பி 499 டாலர் கொடுத்தவர் யாரிடம் போய்க் கேட்பார்?

ஏடிஐ ரசிகர்கள் ரொம்பத் துள்ள வேண்டாம். 2001-ல் ரேடியான் 8500 வந்தபோது குவேக் 3 விளையாட்டின் கோப்புப் பெயரை 'குவாக்' என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் குறைந்தது. டிரைவர் குவேக் என்ற பெயரைப் பார்த்ததுமே படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

எஃப்எக்ஸின் உண்மையான பரீட்சை 2003 செப்டம்பரில் வந்தது. வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், ஏடிஐ நடத்திய நிகழ்ச்சியில் ஹாஃப்-லைஃப் 2-வின் எண்களைக் காட்டினார். டைரக்ட்எக்ஸ் 9 முறையில் 9800 ப்ரோ, 5900 அல்ட்ராவைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகம். பொதுவான டைரக்ட்எக்ஸ் 9 பாதையை எழுதியதைவிட எஃப்எக்ஸுக்கென்று தனிப் பாதை செதுக்க 5 மடங்கு நேரம் பிடித்ததாகச் சொன்னார். அந்த விளையாட்டைத் தன் கார்டோடு சேர்த்துத் தர ஏடிஐ ஒப்பந்தம் போட்டிருந்தது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். மேடையே ஏடிஐ போட்டதுதானே! இருந்தாலும் எண்கள் பொய் இல்லை. ஷேடர் அதிகமுள்ள விளையாட்டுகள் வர வர, எஃப்எக்ஸின் திணறல் வெளியே தெரிந்துகொண்டே வந்தது.

இதையெல்லாம் சுருக்கி சித்தி பையனுக்கு ஒரு வாய்ஸ் நோட் போட்டேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் நானே கேட்டேன், "சரிடா, நீ என்னதான் விளையாடுவ?"

"வாலரன்ட் மட்டும்தான், அண்ணா."

சார்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு விளையாட்டு இருந்தது. வாலரன்ட் இல்லை.