பயன்படாத நிரல் குறித்த தொகுப்பி எச்சரிக்கைகள்

பயன்படாத நிரல் எச்சரிக்கை என்பது, மூலநிரலில் எழுதப்பட்டிருந்தும் எங்கும் பயன்படுத்தப்படாத பகுதிகளைச் சுட்டி, கம்பைலர் எனப் பரவலாக அறியப்படும் தொகுப்பி நிரலாளருக்குத் தரும் அறிவிப்பு ஆகும். எச்சரித்த பின்னரும் தொகுப்பி தன் பணியை முடித்து, இயங்கத்தக்க நிரலை உருவாக்கிவிடும். பிழைச் செய்தியிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். இவ்வெச்சரிக்கைகளைப் பொருட்படுத்த வேண்டுமா, அடக்கிவிடலாமா என்பதில் நிரலாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நிரல்மொழிகளை வடிவமைத்தவர்களும் வெவ்வேறு முடிவுகளையே எடுத்துள்ளனர்.

வகைகள்

பயன்படாத மாறி, மதிப்பு இடப்பட்டும் படிக்கப்படாத மாறி, அழைக்கப்படாத செயற்கூறு, தேவையின்றி இறக்குமதி செய்யப்பட்ட தொகுதி, நிரலோட்டம் ஒருபோதும் சென்றடையாத வரிகள் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. எல்லாவற்றின் மதிப்பும் ஒன்றன்று. தேவையற்ற இறக்குமதி பெரும்பாலும் வெறும் குப்பை. மாறாக, கணக்கிட்ட மதிப்பு எங்கும் படிக்கப்படாமல் போனால் அது பெரும்பாலும் தவற்றின் அறிகுறி. எடுத்துக்காட்டாக, வட்டியைக் கணக்கிட்டு ‘மொத்தம்’ என்ற மாறியில் இட்ட நிரலாளர், அடுத்த வரியில் கவனக்குறைவாக ‘அசல்’ என்ற மாறியைத் திருப்பி அனுப்பினால் நிரல் தடையின்றி ஓடும். விடை மட்டும் தவறாக இருக்கும். ‘மொத்தம்’ படிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கையே அங்கு தவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

வரலாறு

சி மொழியில் இத்தகைய சோதனைகள் முதலில் தொகுப்பிக்கு வெளியே, தனிக் கருவி ஒன்றில் அமைந்தன. பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் விவரித்த ‘லின்ட்’ என்பதே அக்கருவி. பயன்படாத மாறிகளையும் செயற்கூறுகளையும் கண்டறிவது அதன் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. பின்னர் இச்சோதனைகள் தொகுப்பிகளுக்குள்ளேயே இடம்பெற்றன. ஜிசிசி தொகுப்பியின் ‘டபிள்யூ-ஆல்’ தெரிவு, பயன்படாத மாறிகளைச் சுட்டும். பெயர் ‘எல்லாம்’ என்று பொருள்பட்டாலும், அது எல்லா எச்சரிக்கைகளையும் உள்ளடக்குவதில்லை.

கோட்டூ ஃபெயில் வழு

சென்றடையாத வரிகளின் ஆபத்துக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 2014 பெப்ரவரியில் வெளிப்பட்ட ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு வழு ஆகும். இணையத் தளமொன்றின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயற்கூறில், பிழை நேர்ந்தால் ‘ஃபெயில்’ என்ற இடத்துக்குத் தாவுக என்னும் கட்டளை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தது. முதலாவது, நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது, உள்தள்ளலால் அவ்வாறே தோன்றினாலும் எந்த நிபந்தனைக்கும் உட்படாதது. ஆகவே எப்போதும் இயங்கியது. அப்போது பிழைக் குறியீட்டின் மதிப்பு சுழியமாகவே இருந்தமையால், கையொப்பத்தைச் சரிபார்க்காமலேயே ‘வெற்றி’ என்ற விடை திரும்பியது. இடைமறிக்கும் ஒருவர் வங்கித் தளம்போல் நடித்திருந்தாலும் கருவி அதை ஏற்றிருக்கும். ஐஓஎஸ் 7.0.6 பதிப்பு பெப்ரவரி 21 அன்றும், மேக் கணினிகளுக்கான 10.9.2 பதிப்பு பெப்ரவரி 25 அன்றும் இதைத் திருத்தின.

தாவலுக்குப் பின்னிருந்த வரிகள் சென்றடைய இயலாதவை என்பதைத் தொகுப்பியால் அறிய முடியும். கிளாங் தொகுப்பியில் அதற்கான எச்சரிக்கை இருந்தது. ஆயினும் டபிள்யூ-ஆல் தெரிவில் அது சேர்க்கப்படவில்லை. ஜிசிசியோ, மேம்படுத்தல் நிலைக்கேற்ப முடிவுகள் மாறியதால் இவ்வசதியை 4.5 பதிப்பில் (2010) நீக்கிவிட்டது. வியப்பான செய்தி, தெரிவின் பெயரை மட்டும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்வதாகும். அதை இட்ட நிரலாளர் காவல் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கலாம். தவறாக வழிநடத்தும் உள்தள்ளலுக்கான தனி எச்சரிக்கை 2016இல் ஜிசிசி 6 பதிப்பில் வந்தது.

எச்சரிக்கையை அடக்குவதன் தீங்கு

எச்சரிக்கை வராமற் செய்வதையே நோக்கமாகக் கொண்டு நிரலைத் திருத்துவது வேறொரு ஆபத்து. தொகுப்பி எச்சரிக்கை அல்லவெனினும், டெபியன் நிகழ்வு இங்கு பொருந்தும். வால்கிரைண்ட் என்ற கருவி தொடக்கமதிப்பு இடாத நினைவகம் குறித்து முறையிட்டதால், 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலிலிருந்து டெபியன் பராமரிப்பில் சில வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று தற்போக்கு எண்களுக்கு அடித்தளமான வரி. விளைவாக, செயல்முறை எண் மட்டுமே வித்தாக எஞ்சியது. அதன் உச்ச எண்ணிக்கை 32,768 மட்டுமே என்பதால், மறைச்சாவிகளை எளிதில் ஊகிக்க முடிந்தது. 2008 மே மாதம் வரை இது வெளிப்படவில்லை.

ரஸ்ட் மொழியில் இதன் சிறிய வடிவத்தைக் காணலாம். பூட்டொன்றைப் பிடித்து வைத்திருக்கும் மாறி பின்னர் பயன்படாவிட்டால் எச்சரிக்கை வரும். பெயரின் முன் அடிக்கோடு இட்டால் எச்சரிக்கை மறையும், பூட்டும் நிலைக்கும். பெயரையே நீக்கி அடிக்கோட்டை மட்டும் விட்டால், பூட்டு அக்கணமே விடுபட்டுவிடும்.

பொய் எச்சரிக்கைகள்

சரியான நிரலிலும் எச்சரிக்கை எழுவதுண்டு. ‘அசெர்ட்’ சோதனைக்குள் மட்டும் பயன்படும் மாறி, அச்சோதனைகள் நீக்கப்பட்ட வெளியீட்டில் பயனற்றதாகத் தோன்றும். வேறொரு நூலகம் விதித்த வடிவில் செயற்கூறு எழுதுபவர், தமக்கு வேண்டாத அளபுருக்களையும் ஏற்றாக வேண்டும். இவற்றுக்காகவே சி++17 தரம் ‘மேபி அன்யூஸ்டு’ என்ற குறிப்பை அறிமுகப்படுத்தியது; சி23 தரத்திலும் அது உண்டு.

நூற்றுக்கணக்கான பொய் எச்சரிக்கைகளுக்கிடையே வரும் ஓர் உண்மை எச்சரிக்கையை எவரும் படிப்பதில்லை. இதனாற்றான் சிலர் எச்சரிக்கைகள் அனைத்தையும் பிழைகளாக மாற்றும் தெரிவை நாடுகின்றனர். அதற்கும் விலை உண்டு. புதிய தொகுப்பி புதிய எச்சரிக்கைகளுடன் வரும்போது, நேற்றுவரை தொகுக்கப்பட்ட மூலநிரல் நின்றுவிடும்.

கோ மொழி எச்சரிக்கை என்ற இடைநிலையையே ஏற்கவில்லை. பயன்படாத உள்ளக மாறியும் இறக்குமதியும் அதில் பிழைகளே. வழுவைத் தேடும்போது ஒரு வரியைத் தற்காலிகமாக நீக்கினாலும் இறக்குமதியையும் நீக்க வேண்டியிருப்பது பயனர்களின் நெடுநாள் முறையீடு. ஜாவாவில் சென்றடையாத கூற்று பிழையாகும். எனினும் நிபந்தனைத் தொகுப்புக்கு உதவும்பொருட்டு, எப்போதும் பொய்யாகும் ‘இஃப்’ கூற்றுக்கு விலக்கு உண்டு.

தொகுப்பிக்கு எட்டாதவை

சி மொழித் தொகுப்பி ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டுமே காண்பதால், பிற கோப்புகளுக்கும் தெரியும் செயற்கூறு பயன்படாதது என அதனால் கூற இயலாது. இதனினும் கடினமானது, அழைக்கும் வழி இருந்தும் கைவிடப்பட்ட நிரல். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2003இல் பயன்படுத்துவதை நிறுத்திய ‘பவர் பெக்’ என்ற வணிக நிரற்பகுதி நீக்கப்படாமலே இருந்தது. 2012இல் அதன் பழைய கொடி புதிய பணிக்கு மறுபயன்பாடு செய்யப்பட்டது. எட்டு வழங்கிகளுள் ஒன்றில் புதிய நிரல் நிறுவப்படவில்லை. ஆகத்து 1 அன்று அந்த வழங்கியில் பழைய பகுதி உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் பங்குகளை வாங்கிக் குவித்தது. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். கொடியின் வழியே அப்பகுதியை அடையக்கூடியதாக இருந்தமையால், தொகுப்பியின் பார்வையில் அது பயனுள்ள நிரலே. இத்தகையவற்றைத் தேட, இயங்கும்போது எவ்வரிகள் செயற்படுகின்றன எனக் கணக்கெடுக்கும் ஜிகவ் போன்ற கருவிகள் பயன்படுகின்றன.