ஊட்டியில் உதித்த 'இந்து'

புனேயில் ஃபிலிம் கேமரா பைத்தியங்கள் கூடினால் பேச்சு கோடாக்குரோமில்தான் போய் நிற்கும். கோடக் அதை நிறுத்தியது 2009ல். கேன்சஸில் இருந்த கடைசி லேபும் 2010 டிசம்பர் 30க்குப் பிறகு ரோல் வாங்கவில்லை.

எனக்கோ நம்ம ஊட்டி 'இந்து' ஞாபகம். 1960ல் ஆரம்பித்த மத்திய அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1967ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஃபிலிம் பூச்சுக்குத் தூசியில்லாத காற்றும் குளிர்ச்சியும் வேண்டுமே, நீலகிரி தோதாக இருந்தது. கருப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. பிறகு கலர் வந்தது, அப்புறம் டிஜிட்டல். இந்து என்றால் நிலா. அது மறைந்தே போனது.

ரோல் போகட்டும். அப்பா அம்மா கல்யாண நெகடிவ்கள் ஊரில் பரண்மேல் கிடக்கின்றனவே? இங்கே லா காலேஜ் ரோட்டில், 1964ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் படச்சுருள்களைக் குளிரூட்டிய அறைகளில் காக்கிறது. நம் பரணில் வெக்கையும் ஈரமும்தான். பழைய நெகடிவில் வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனதும் முதலில் பரண் ஏறுங்கள். நானும் ஏறப்போகிறேன்.