ஐப்பசியில் திறந்த கதவு: யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் மறந்துபோன நாட்கள்

மேலை நாடுகளில் இலையுதிர்காலம் பிறந்ததும் பொது நூலகங்கள் சுறுசுறுப்படைகின்றன. குளிருக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒதுங்கும் மக்களை வாசிகசாலைக்கு அழைக்கும் அறிவித்தல்கள் ஊர்தோறும் தொங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் இலையுதிர்காலம் என்றொரு பருவம் இல்லை. நமக்கு வாய்த்தது ஐப்பசி, கார்த்திகை மழைதான். ஆயினும் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாற்றைப் புரட்டினால், அதன் நன்னாட்களில் மூன்று இந்த மழைக்காலத்திலேயே வருவதைக் காணலாம். 1933 நவம்பர் 11, 1959 ஒக்ரோபர் 11, 1967 நவம்பர் 3 என்பன அவை. இம்மூன்று திகதிகளும் எதற்குரியவை என்று கேட்டால் உடனே விடை சொல்லக்கூடிய தமிழர் மிகச் சிலரே இருப்பர். 1981 மே 31 என்றால் மட்டும் உலகெங்குமுள்ள தமிழர் அனைவருக்கும் தெரியும்.

எரிந்த நாளை நினைவுகூர்வது தவறன்று. அது நமது கடமை. ஆனால் எழுந்த நாளை மறந்துவிட்டு எரிந்த நாளை மட்டும் நினைவில் வைத்திருக்கும் சமூகம், தன்னால் என்ன செய்ய முடிந்தது என்பதையும் காலப்போக்கில் மறந்துவிடும். ஆகவே இக்கட்டுரை நெருப்பைப் பற்றியதாக அல்லாமல், அதற்கு முந்திய ஐம்பது ஆண்டுகளைப் பற்றியதாக அமைகிறது.

கதை ஒரு தனிமனிதரின் வீட்டில் தொடங்குகிறது. நீதிமன்றத்தில் காரியதரிசியாகப் பணிபுரிந்த க. மு. செல்லப்பா, தம்மிடமிருந்த நூல்களைத் தமது இல்லத்தில் வைத்தே அயலவருக்கு வாசிக்கக் கொடுத்துவந்தார். இவர் பெருஞ்செல்வரல்லர்; அரசியல் தலைவருமல்லர். 1933 நவம்பர் 11ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் ஓர் இலவச மத்திய தமிழ் நூலகம் அமைய வேண்டும் என்ற வேண்டுகோளை அவர் பொதுமக்கள் முன் வைத்தார். 'இலவசம்', 'தமிழ்' என்னும் இரு சொற்களும் கவனிக்கத்தக்கவை. அக்காலத்தில் நல்ல நூற்சேகரங்கள் பாடசாலைகளிலும் கல்விமான்களின் வீடுகளிலுமே இருந்தன. காசு கொடுக்க இயலாதவனும் ஆங்கிலம் அறியாதவனும் சென்று அமர்ந்து படிக்கத்தக்க பொது இடமொன்று வேண்டும் என்பதே செல்லப்பாவின் எண்ணம்.

வேண்டுகோள் வீண்போகவில்லை. 1934 யூன் 9ஆம் திகதி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பொதுக்கூட்டமொன்று கூடியது. அதில் அமைந்த குழு ஊர்மக்களிடமிருந்து நூல்களையும் பணத்தையும் திரட்டியது. அதே ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அதன் இருப்பு 844 நூல்கள். பின்னாளில் தென்னாசியாவின் சிறந்த நூலகங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் முதலீடு அவ்வளவே.

தனிமனிதரின் முயற்சி நீடிக்க நிறுவனத்தின் துணை வேண்டும் என்பதை அதனைத் தொடங்கியவர்கள் உணர்ந்திருந்தனர். 1935 ஜனவரி 1ஆம் திகதி தொடக்கம் நூலகப் பொறுப்பை யாழ்ப்பாண நகரசபை ஏற்றுக்கொண்டது. 1936இல் நூலகம் நகர மண்டபத்துக்கு அண்மையிலிருந்த கட்டிடத்துக்கு இடம்மாறியது. வாசகர் தொகை பெருகப் பெருக அந்த இடமும் போதாமற்போயிற்று.

1949இல் யாழ்ப்பாணம் மாநகரசபையாகத் தரமுயர்ந்தது. அதன் முதல் முதல்வரான சாம் ஏ. சபாபதி, நிரந்தரமான பெருங்கட்டிடமொன்றை எழுப்பும் முயற்சியில் முன்னின்றார். அவருக்குப் பக்கபலமாக நின்றவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக விளங்கிய லோங் அடிகளார். அயர்லாந்திலிருந்து வந்த இக்கத்தோலிக்கத் துறவி, பிறந்த மண் அல்லாத ஓர் ஊரின் நூலகத்துக்காக ஓடியோடி உழைத்தார். நூலகத்திற்கென நிதி திரட்டக் களியாட்ட விழாக்கள் நடந்தன. அதிர்ஷ்டச் சீட்டுகள் விற்கப்பட்டன. வெளிநாட்டு உதவியும் கிடைத்தது. ஆயினும் களியாட்ட விழாவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிய ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அந்தக் கட்டிடத்துக்கு ஒரு கல் கொடுத்தவராவார். சுருட்டுத் தொழிலாளியும் கமக்காரனும் கடைச் சிப்பந்தியும் பங்காளிகளாக இருந்த கட்டிடம் அது.

பணம் சேர்ந்ததும் அவசரப்பட்டுக் கட்டிவிடவில்லை. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் நரசிம்மன் திராவிடக் கட்டிடக்கலை மரபைத் தழுவி வரைபடம் தயாரித்தார். அதன்பின் அடிக்கல் நாட்டப்பட்டது. திறந்துவைக்கப் பல ஆண்டுகள் சென்றன. பணமுடையால் வேலை மெதுவாக நடந்தபோதும் கட்டிடத்தின் தரத்தைக் குறைக்க அவர்கள் உடன்படவில்லை.

1959 ஒக்ரோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. நவராத்திரியின் நிறைவு நாட்களை ஒட்டிய வேளை. கலைமகளுக்கு ஊரெங்கும் பூசை நடந்த அந்நாட்களில், அன்றைய மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா புதிய நூலகத்தைத் திறந்துவைத்தார். இந்நாள் நமது நினைவிலிருந்து நழுவியதற்கு அவர் பெயரும் ஒரு காரணமோ என்று நான் எண்ணுவதுண்டு. 1975 யூலை 27ஆம் திகதி பொன்னாலையில் சுட்டுக்கொல்லப்பட்ட துரையப்பாவின் அரசியலை ஏற்றோரும் உளர், வெறுத்தோரும் உளர். அவ்விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒருவரின் அரசியல் நமக்கு உவப்பில்லை என்பதற்காக, கால் நூற்றாண்டுக் காலம் ஓர் ஊரே கூடி உழைத்த உழைப்பின் நிறைவு நாளை மறந்துவிடுவது எவ்வகையில் நியாயம்? அந்த நாள் துரையப்பாவுக்கு மட்டும் உரியதன்று. செல்லப்பாவுக்கும், சபாபதிக்கும், லோங் அடிகளாருக்கும், பெயர் பதியப்படாத ஆயிரமாயிரம் பேருக்கும் உரியது.

அதன் பின்னரும் நூலகம் வளர்ந்துகொண்டேயிருந்தது. 1967 நவம்பர் 3ஆம் திகதி சிறுவர் பகுதி திறக்கப்பட்டது. மழைநாளில் பாடசாலை விட்டு வரும் பிள்ளை ஒதுங்குவதற்கு ஓர் இடமும், ஒதுங்கிய இடத்தில் ஒரு புத்தகமும் கிடைத்தன. ஒரு தலைமுறையின் வாசிப்புப் பழக்கம் அங்கே உருவாயிற்று. 1971இல் கேட்போர்கூடமும் சேர்ந்தது. நூலகம் நூல் இரவல் தரும் இடமாக மட்டுமன்றி, கூட்டமும் சொற்பொழிவும் நிகழும் ஊர்ப்பொது முற்றமாகவும் ஆயிற்று.

1981இல் நடந்தது அனைவரும் அறிந்ததே. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டி மே 31 இரவு தொடங்கிய வன்செயல்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் தீக்கிரையாயின. நூலகமும் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அன்று அழிந்தது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அந்நூல் 1879இலேயே பிறிற்றோ என்பவரால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது. தமிழிலும் பலமுறை அச்சேறியது. உண்மையான இழப்பே அளவிறந்ததாக இருக்கையில் அதற்கு மிகைக்கூற்று தேவையில்லை. மிகைக்கூற்று ஒன்று பிடிபட்டால், மெய்யையும் சந்தேகிக்க எதிரிக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம்.

நெருப்புக்குப் பின்னரும் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. 1984 யூன் மாதம் ஒரு பகுதி திருத்தப்பட்டுத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அதுவும் சேதமுற்றது. போர்க்காலம் முழுதும் சிதைந்து நின்ற கட்டிடம் பின்னர் மீளக் கட்டியெழுப்பப்பட்டது. 2003 பெப்ரவரியில் நடைபெறவிருந்த திறப்பு விழா, எதிர்ப்புகளாலும் மாநகரசபை உறுப்பினர்களின் பதவி விலகலாலும் தடைப்பட்டது. பிற்பாடு ஆரவாரமெதுவுமின்றி நூலகம் வாசகருக்குத் திறக்கப்பட்டது. இவ்வாறாக, இரண்டாம் பிறப்புக்குக் கொண்டாட்டம் இல்லாமலே போயிற்று. முதற்பிறப்பின் கொண்டாட்டத்தையோ நாம் மறந்துவிட்டோம்.

இன்று இலங்கையில் ஒக்ரோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாக அனுட்டிக்கப்படுகிறது. நூலகங்களில் கண்காட்சிகளும் பிள்ளைகளுக்கான போட்டிகளும் நடைபெறுகின்றன. அந்த மாதத்தின் நடுவே ஒக்ரோபர் 11 தானாகவே வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் மட்டுமன்றி, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளும் வாசகர் வட்டங்களும் அந்நாளை நூலக நாளாகக் கொள்ளலாம். மேடையும் மாலையும் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு நூலை ஒரு நூலகத்துக்குக் கொடுத்தால் போதும். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கு, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய சஞ்சிகையைப் பிரதியெடுக்கக் கொடுத்தாலும் அது செல்லப்பாவின் பணியின் தொடர்ச்சியே.

இன்னொரு வேலையும் உண்டு. அந்த 844 நூல்களைக் கொடுத்தவர்கள் யார்? களியாட்ட விழாவில் தொண்டர்களாக நின்றவர்கள் யார்? அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். குடும்பங்களில் வழங்கும் கதைகளையும், பழைய புகைப்படங்களையும், பற்றுச்சீட்டுகளையும் அவர்கள் தேடியெடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். எரித்தவர்கள் யாரென்று எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். கட்டியவர்கள் யாரென்று எழுத வேண்டிய பக்கங்களோ பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. அறிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவற்றை எழுதிவிட வேண்டும்.