ஒளிர்தலை அளக்கும் கருவியும் நீரின் ராமன் முகடும்

ஆய்வகத்தில் புதிதாக ஒரு ஃப்ளோரிமீட்டரை நிறுவ வரும் பொறியாளர் முதலில் கேட்பது நல்ல தூய தண்ணீர். அதை ஒரு சென்டிமீட்டர் குவார்ட்ஸ் கியூவெட்டில் ஊற்றி, 350 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, 397 நானோமீட்டர் அருகே எழும் சிறிய முகட்டைப் பதிவு செய்வார். முகட்டின் உயரத்தைப் பின்னணி இரைச்சலால் வகுத்தால் கிடைக்கும் எண் கருவியின் உணர்திறனைச் சொல்லும். கருவி நிறுவனங்கள் தங்கள் விவரத்தாளில் பெருமையோடு அச்சிடும் எண் பெரும்பாலும் இதுதான்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஒரு பொருள் ஒளியை விழுங்கி, சில நானோநொடிகள் கழித்து, அலைநீளம் கூடிய வேறு ஒளியாகத் திருப்பித் தருவதே ஒளிர்தல். தூய நீரோ 350 நானோமீட்டரில் ஒளியை விழுங்குவதே இல்லை எனலாம். விழுங்காத பொருள் ஒளிர முடியாது. அப்படியானால் 397இல் எழுவது எது? நீர் மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுச் சிதறி வரும் ஒளி அது, ராமன் சிதறல். ஒளிர்தலை அளக்கும் கருவியின் தரத்தை, ஒளிர்தல் அல்லாத ஒன்றை வைத்தே உலகம் முழுவதும் நிர்ணயிக்கிறார்கள்.

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவலில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தவர். தந்தைவழி முன்னோர் தஞ்சை மாவட்டத்து மாங்குடிப் பக்கம் நிலபுலத்தோடு வாழ்ந்தவர்கள். நம் பகுதியில் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நோபல் பரிசைப் பற்றியே பேசுகிறோம். அந்தப் பரிசுக்கு வழிவகுத்த அளவீட்டு முறைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. ‘மெல்லிய ஒளிர்தல்’ என்று ஆய்வேட்டில் எழுதி ஒதுக்கப்பட்ட ஒன்று, ஒளிர்தலுக்கே அளவுகோலாக உயர்ந்த வரலாறு அந்த முறைகளுக்குள்தான் இருக்கிறது.

கல்கத்தாவில், 210 பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், ராமன் 1921இல் மேற்கொண்ட கடல் பயணத்துக்குப் பின் அவர் குழுவினர் நீரும் பிற திரவங்களும் ஒளியைச் சிதறடிப்பதை ஆராய்ந்துவந்தார்கள். 1923இல் பாலக்காடு கல்பாத்தியைச் சேர்ந்த கே. ஆர். ராமநாதன் ஒரு சோதனை செய்தார். சூரிய ஒளியை ஊதாக் கண்ணாடி வழியே செலுத்தி நீருக்குள் பாய்ச்சினார். ஊதாக் கண்ணாடியையும் பச்சைக் கண்ணாடியையும் ஒளி நுழையும் வழியிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஒளி முற்றிலும் நின்றுபோகும். அப்படிப் பொருந்தும் இணையாகத்தான் அவற்றைத் தேர்ந்திருந்தார்கள். பிறகு பச்சைக் கண்ணாடியை மட்டும் எடுத்து, நீருக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் நடுவில் வைத்தார். இருட்டாகியிருக்க வேண்டிய நீருக்குள் ஒளியின் தடம் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே போன ஒளியில் இல்லாத நிறம் வெளியே வந்துகொண்டிருந்தது.

இந்த இரு கண்ணாடி முறை ராமநாதன் புதிதாகக் கண்டதன்று. கேம்பிரிட்ஜின் ஸ்டோக்ஸ் 1852இல் குயினைன் கரைசலை ஆராய்ந்தபோது கையாண்டதும் இதுவே. தேவாலய ஜன்னலின் நீலக் கண்ணாடி அவருக்கு முதல் வடிகட்டி. ஒயின் நிறைந்த கோப்பை இரண்டாவது வடிகட்டி. ஒளிர்தலைக் கண்டுபிடிக்கவென்றே பிறந்த முறை என்பதால், அதில் தட்டுப்பட்ட எதையும் ஒளிர்தல் என்று எடுத்துக்கொள்வது இயல்பாக இருந்தது. திரவத்தில் ஏதோ மாசு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்று கருதினார்கள். ராமனுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வெற்றிடத்தில் மெல்ல மெல்ல வாலைவடித்து மறுபடி மறுபடி தூய்மை செய்யச் சொன்னார். மாசு என்றால் ஒவ்வொரு வடிப்புக்கும் ஒளி குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. 1925இல் கே. எஸ். கிருஷ்ணன் பல கரிமத் திரவங்களில் அதையே கண்டார்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீர் மூலக்கூறின் அதிர்வு ஏறத்தாழ 3400 அலைஎண் அளவு ஆற்றலை எடுத்துக்கொள்ளும். உள்ளே செல்லும் ஊதா 430 நானோமீட்டர் என்றால், அதைக் கழித்தபின் வெளிவருவது 504 நானோமீட்டர், அதாவது பச்சை. 350இல் தொடங்கி இதே கழித்தலைச் செய்தால் 397 வருகிறது. ராமநாதன் 1923இல் வெறுங்கண்ணால் கண்டதும் இன்று கருவி பதிவு செய்வதும் நீரின் ஒரே அதிர்வுதான். ஒளிப்பெருக்கிக் குழாய் ஏதுமின்றி, இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கொண்டே அதைப் பிடித்த அந்த மனிதருக்கு நம் பாடநூல்கள் இன்னும் கூடுதல் இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முடிச்சை அவிழ்த்தது தளவிளைவு, அதாவது ஒளி ஒரே தளத்தில் அதிரும் தன்மை. 1927 இறுதியில் அதே குழுவின் வெங்கடேசுவரன் தூய கிளிசரினில் பளிச்சென்ற பச்சை ஒளியைக் கண்டார். அது வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது. ஆனால் கிளிசரின் கெட்டியான திரவம். அதில் கரைந்த சாயமும் தளவிளைவுற்ற ஒளியைத் தரும், ஏனெனில் அந்தக் கெட்டிக்குள் மூலக்கூறு எளிதில் திரும்ப முடியாது. எனவே கிளிசரின் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. 1928 பிப்ரவரி 7ஆம் நாளை ஒட்டி, கெட்டியில்லாத திரவங்களும் ஆவிகளும் தரும் ஒளிகூடத் தளவிளைவுற்றிருப்பதைக் கிருஷ்ணன் கண்டார். என் கணிப்பில் வழக்கு அங்கே முடிந்தது. கெட்டியில்லாத திரவத்தில் மூலக்கூறு சில பத்துப் பிக்கோநொடிகளில் திரும்பிவிடும்; ஒளிர்தலோ நானோநொடிக் கணக்கில் காத்திருந்து வருவது. அந்த இடைவெளியில் திசை நினைவு அழிந்துவிடும். திசை அழியாமல் வந்த ஒளி காத்திருக்கவில்லை என்று பொருள். பிப்ரவரி 28இல் பாதரச விளக்கின் ஒளி திரவத்தில் சிதறி வருவதை நிறமாலைகாட்டி வழியே பார்த்தபோது, கூர்மையான புதிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. இவை தவிர, பதினெட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வில்லை, வண்ணக் கண்ணாடிகள், பொறுமை ஆகியவையே அவர்களிடம் இருந்தன.

இன்றைய ஃப்ளோரிமீட்டர் அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல். சூரியனுக்குப் பதில் செனான் விளக்கு. வண்ணக் கண்ணாடிகள் இருந்த இடத்தில் அலைநீளத்தைப் பிரித்தெடுக்கும் இரண்டு மோனோகுரோமேட்டர். கண்ணுக்குப் பதில் ஒளிப்பெருக்கிக் குழாய். உள்நுழையும் ஒளிக்குச் செங்கோணத்தில் நின்று பார்ப்பது மட்டும் மாறவில்லை. முகடு ஒளிர்தலா ராமன் சிதறலா என்று ஐயம் வந்தால் இப்போது நிமிடத்தில் தீர்க்கலாம். உட்செல்லும் அலைநீளத்தை மாற்ற வேண்டும். ஒளிர்தலின் முகடு பெரும்பாலும் தன் இடத்திலேயே நிற்கும். ராமன் முகடு கூடவே நகரும். 350ஐ 275 ஆக்கினால் நீரின் முகடு 303க்குப் போய்விடும்.

நம் வயலிலும் ஆற்றிலும் ஒளிர்தலை அளக்கும்போது இந்த வேறுபாடு தேவைப்படும். நெல் இலையின் பச்சையத்தை அளப்பதில் நீரின் ராமன் முகடு குறுக்கிடுவதில்லை. பச்சையம் 685, 740 நானோமீட்டர் அருகே சிவப்பில் ஒளிர்கிறது. இலையைக் கவ்வி கொண்டு மூடி இருபது நிமிடம் இருட்டில் வைத்து, பின் ஒளியைப் பாய்ச்சி அளந்தால், நலமான பயிரில் 0.83 அளவில் ஒரு விகிதம் கிடைக்கும். உப்பாலோ வறட்சியாலோ பயிர் வாடினால் அது குறையும். வரப்பில் நின்றே செய்யக்கூடிய அளவீடு இது.

ஆற்று நீர் அப்படியன்று. மக்கிய வைக்கோலிலிருந்தும் வேரிலிருந்தும் இலையிலிருந்தும் நீரில் கரையும் பொருள்கள் 320 முதல் 360 நானோமீட்டர் வரையான ஒளியை வாங்கி 420 முதல் 460 வரை நீலமாக ஒளிரும். ஊர்க் கழிவும் நுண்ணுயிரும் கலந்த நீர் 275இல் வாங்கி 340 அருகே ஒளிரும். புரதத்தின் டிரிப்டோஃபன் தரும் ஒளி இது. படித்துறையில் கரையும் சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் பொருளும் 430 பக்கம் ஒளிரும். எனவே காவிரியிலோ அரசலாற்றிலோ எடுத்த ஒரு போத்தல் நீரில் வயலும் ஊரும் துறையும் தனித்தனி இடங்களில் தெரியும். உட்செல்லும் அலைநீளத்தைப் படிப்படியாக மாற்றி வரையும் ஒளிர்தல் வரைபடத்தில் நீரின் ராமன் கோடு சாய்வாக ஓடி இவற்றின் குறுக்கே விழும். தூய நீரை அதே நாளில் தனியே அளந்து கழித்தால்தான் படம் தெளியும்.

புதுவெள்ளக் காலத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. வண்டலை 0.45 மைக்ரான் வடிதாளில் நீக்கியபின்னும் நீர் நிறத்தோடு இருந்தால், அது உள்ளே செல்லும் ஒளியையும் வெளிவரும் ஒளியையும் தானே விழுங்கிக் கணக்கைக் குறைத்துவிடும். ஒளி உட்கவர்வு 0.1க்குக் கீழே வரும்வரை மாதிரியை நீர்க்கச் செய்ய வேண்டும், அல்லது திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். வெப்பம் கூடினாலும் ஒளிர்தல் குறையும். சித்திரை வெயிலில் ஆய்வகத்துக்கு வரும் மாதிரியை ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகே அளக்க வேண்டும். கண்ணாடிப் போத்தல், அதுவும் பழுப்பு நிறத்தில், நல்லது. கியூவெட்டில் விரல் ரேகை பட்டால் அதுவும் ஒளிரும்.

அளந்த எண்ணை எந்த அலகில் சொல்வது? ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி ஓர் எண்ணைக் காட்டும். விளக்கு பழையதானால் அதுவும் மாறும். இதற்காகப் பல நீர் ஆய்வாளர்கள் தூய நீரின் ராமன் முகட்டின் பரப்பால் எல்லா எண்களையும் வகுக்கிறார்கள். 350 நானோமீட்டரில் தூண்டி, 371 முதல் 428 வரை உள்ள பரப்பை எடுக்கலாம் என்று 2009இல் லவேட்ஸும் ஸ்டெட்மனும் முறைப்படுத்தினார்கள். கிடைக்கும் அலகின் பெயர் ராமன் அலகு. கல்லணையில் எடுத்த நீரையும் தேம்ஸ் நீரையும் வேறுவேறு கருவிகளில் அளந்தாலும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க அது வழி செய்கிறது.

தஞ்சை, குடந்தை, திருவாரூர்க் கல்லூரிகளின் இயற்பியல், வேதியியல் துறைகள் இதைத் தொடங்கலாம். கருவி இருக்கும் இடத்தில் தினமும் காலையில் தூய நீரை வைத்து 397 முகட்டைப் பதிவு செய்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னும், தண்ணீர் வந்து சேர்ந்தபின்னும், அறுவடைக்குப் பின் வடிகாலில் நீர் இறங்கும்போதும் மாதிரி எடுக்க வேண்டும். மோனோகுரோமேட்டர் பிளவின் அகலமும் கியூவெட்டும் மாறாமல் இருந்து, அன்றைய முகட்டின் பரப்பும் பக்கத்தில் எழுதியிருந்தால், அடுத்த தலைமுறை மாணவர் வேறொரு கருவியில் தொடர்ந்தாலும் அந்த எண்கள் ஒரே வரிசையாகச் சேரும்.