பெருங்காயம் வந்த பெருவழி

நம் காலனியை அடுத்த அங்காடிகளில் வெளிநாட்டு உணவுப் பொருள்களுக்கெனத் தனி அடுக்குகள் அமைந்துள்ளன. இத்தாலிய நாட்டு ஆலிவ் எண்ணெய், சுவிட்சர்லாந்துச் சாக்லேட்டு, அரபு நாட்டுப் பேரீச்சை முதலியவற்றைச் சிறுவர்கள் வியந்து நோக்குகின்றனர். பெரியோர்களோ விலைச்சீட்டைக் கண்டதும், "அயல்நாட்டுச் சரக்கு நமக்கெதற்கு?" எனக் கடந்து செல்கின்றனர். ஆயின், அவர்தம் பையில் கிடக்கும் சிறு டப்பாவை எவரும் அயற்சரக்கென எண்ணுவதில்லை. அதுவே பெருங்காயம்!

பெருங்காயம் தமிழகத்தில் விளைவதன்று. ஈரான், ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஒருவகைச் செடியின் வேரைக் கீறினால் பால் வடியும். அது இறுகிப் பிசினாகும். அதன் நெடி மிகக் கடுமையானது. ஆதலின் மாவும் கோந்தும் சேர்த்துப் பதப்படுத்தியே நம் அடுக்களைக்கு அனுப்புகின்றனர்.

இவ்வரவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பண்டைய மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதை இதனை 'ஹிங்கு' எனக் குறிக்கின்றது. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் அங்கு வெளியிட்ட தம் நூலில், இந்நாட்டு மக்கள் இதனை உணவிலும் மருந்திலும் மிகுதியாகப் பயன்படுத்துவதை எழுதியுள்ளார். ஆப்கானிய வணிகர்கள் ஒட்டகங்களில் ஏற்றி, கணவாய்களைக் கடந்து கொணர்ந்தனர். பழைய தில்லியின் காரிபாவ்லிக் கடைத்தெருவில் இன்றும் இது விற்கப்படுகின்றது. பம்பாயில் 1894-இல் தோன்றிய லால்ஜி கோது நிறுவனத்தின் எல்.ஜி. பெருங்காயத்தை அறியாத தமிழ் இல்லம் உண்டோ?

வெங்காயமும் பூண்டும் விலக்கிய இல்லங்களில் அவற்றின் மணக்குறையை இது நிறைவு செய்தது. பருப்புணவால் உண்டாகும் வாயுவைத் தணிக்கும் என்பதும் முன்னோர் நம்பிக்கை. இவ்வாறு பயனால் இடம்பெற்ற பொருள், பழக்கத்தால் உறவாயிற்று.

அயலுணவை ஏற்பது தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஈழத்து உணவு வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. புதுவைக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில், 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. நம் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்ததே.

2020-ஆம் ஆண்டளவில் நம் நாடு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 டன் பெருங்காயப் பிசினை இறக்குமதி செய்து வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள், இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கிலுள்ள குவாரிங் என்னும் சிற்றூரில், அறிவியலறிஞர்கள் இச்செடியை முதன்முறையாக விவசாயி ஒருவர் நிலத்தில் நட்டனர். இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் உலையில் கரைந்த பொருளுக்கு, நம் உழவர் நிலத்தில் வேரூன்றும் முயற்சி அன்றுதான் தொடங்கிற்று!

நம் பிள்ளைகளை இங்குள்ளோர் "மதராசி" என்பர். விடுமுறைக்கு ஊர் சென்றால் உறவினர் "தில்லிக்காரர்" என்பர். இரண்டுக்கும் நடுவே அவர்கள் மயங்க வேண்டுவதில்லை. எங்கிருந்து வந்தாய் எனப் பெருங்காயத்தை எவரும் கேட்பதில்லை, அது இல்லாத நாளிலேதான், "ரசத்தில் என்ன குறை?" என்று கேட்கின்றனர். சென்ற இடத்தில் அவ்வாறு வேண்டப்படுவோராய் வாழ்வோமாக! பெருங்காயம் வைத்த பாண்டம் வெறுமையான பின்னும் மணக்கும் என்பர் நம்மவர். ஊரை விட்டுத் தலைமுறைகள் கடந்தாலும் அம்மணம்போல் நம் தமிழும் நம் இல்லங்களில் நிலைபெறுக!