விடுபட்ட ஒரு வரி

வேலூரைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் பள்ளிகொண்டா. பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் கோயில், சாலையில் சுங்கச்சாவடி. அப்புறம் மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்கள் வரிசை கட்டும். அதற்கும் அப்பால் ரயில்வே ஊரான ஜோலார்பேட்டை. அங்கே வாழ்ந்த அற்புதம்மாள், மகன் பேரறிவாளனைப் பார்க்க வேலூர் மத்திய சிறைக்குப் பல ஆண்டுகள் அலைந்தது பாலாற்றை ஒட்டிய இந்தத் தடத்தில்தான்.

பேரறிவாளன் கதையைச் சொல்வதற்கு முன் ஒரு சட்டப் பிரிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 25ஆம் பிரிவில் சொன்னது. வெள்ளைக்காரன் தன் போலீஸையே நம்பாமல் போட்ட வேலி அது. லாக்கப்பில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். 2015 ஜூன் மாதம், காணாமல்போன ஒரு பெண் தொடர்பான வழக்கில் பள்ளிகொண்டா போலீஸ் விசாரித்த ஆம்பூர் இளைஞர் சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். அடித்ததால்தான் செத்தான் என்று உறவினர்கள் குமுறினார்கள். மறுநாள் ஆம்பூர் பற்றி எரிந்தது. காவல் நிலையத்துக்குள் சொல்லப்பட்டதாகக் காட்டப்படும் வார்த்தையை ஏன் அப்படியே ஏற்கக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தப் பகுதி மக்களுக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை.

அந்த வேலியைத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வெட்டியது. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால், போலீஸிடம் கொடுத்த வாக்குமூலமும் சாட்சியம் ஆகும் என்றது அதன் 15ஆம் பிரிவு.

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அவரோடு காவலர்களும் கட்சிக்காரர்களும் பொதுமக்களும் செத்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்தைச் சிறிதாக்கி எதையும் எழுதக் கூடாது. குற்றம் கொடியது என்பதாலேயே, யார் செய்தது என்பதில் பிசகு வரக் கூடாது. ஜூன் 11 அன்று சென்னையில் பேரறிவாளன் பிடிபட்டார். வயது 19. மின்னணுவியலில் டிப்ளமோ முடித்திருந்தார். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள் என்று அவருடைய அம்மா தொடர்ந்து சொல்லிவந்தார்.

பேரறிவாளன் மீதான வழக்கின் முதுகெலும்பு இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். அவற்றை வாங்கி, சதியை முன்னின்று நடத்திய சிவராசனிடம் கொடுத்தேன், குண்டை வெடிக்க வைக்க அவைதான் பயன்பட்டன என்ற பொருளில் இருந்தது அவர் வாக்குமூலம். பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று, குற்றவாளிக் கூண்டில் நின்ற 26 பேருக்கும் மரண தண்டனை. 26 பேருக்கும்! தடா வழக்கில் உயர் நீதிமன்றம் என்ற படியே கிடையாது. நேரே உச்ச நீதிமன்றம். 1999 மே 11 அன்று அங்கே 19 பேர் விடுதலைக்கு வழி பிறந்தது. மூவருக்கு ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்கும் தூக்கு.

அந்தத் தீர்ப்பில் ஒரு இடம் என்னால் இன்றும் ஏற்க முடியாதது. இது தடாவின்படி பயங்கரவாதக் குற்றம் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றும் சொன்னது. சட்டம் பொருந்தவில்லை, அந்தச் சட்டம் கொடுத்த ஆயுதம் மட்டும் பொருந்திவிட்டது.

2011 ஆகஸ்டில் கருணை மனு தள்ளுபடி. செப்டம்பர் 9 அன்று வேலூர் சிறையில் தூக்கு என்று நாள் குறித்தார்கள். அதை எதிர்த்துக் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற பெண் தீக்குளித்து உயிர்விட்டார். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அந்தத் தடை மட்டும் வராமல் போயிருந்தால், அடுத்து வந்த உண்மையைக் கேட்க பேரறிவாளன் உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

2013 நவம்பரில் வாய் திறந்தவர் வி.தியாகராஜன். அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ எஸ்.பி. அவரேதான். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்றும் பேரறிவாளன் சொன்னார். அதை எழுதினால் ஒப்புதல் வாக்குமூலமாகவே நிற்காது என்பதால் நான் எழுதவில்லை என்றார். பிறகு உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். கொலைக்கு என்று தெரிந்து வாங்கினால் அது சதி. தெரியாமல் வாங்கினால், சொன்ன சாமானை வாங்கிக்கொடுத்த வேலை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே வரி எழுதப்படாமல் போனது. அதன் மேல் தூக்குக்கயிறு ஏறியது. தியாகராஜன் பேசியதற்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் 22 ஆண்டுகள் தாமதம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

தூக்கு 2014 பிப்ரவரி 18 அன்று ஆயுளாகக் குறைந்தது. காரணம், கருணை மனுவை முடிவெடுக்காமல் இழுத்தடித்த தாமதம். விடுதலை செய்யலாம் என்று தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் கோப்பு கிடந்தது. கடைசியில் 2022 மே 18 அன்று, அரசமைப்பின் 142ஆம் பிரிவைக் கையில் எடுத்து, நீதிபதி எல்.நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு அவரை விடுவித்தது. 19 வயதில் உள்ளே போனவருக்கு அப்போது 50. நிரபராதி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தியாகராஜன் சொன்னதை வைத்து, தண்டனை தவறு என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை.

தடா 1995லேயே காலாவதியாகிவிட்டது. ஆனால் அந்த 15ஆம் பிரிவு சாகவில்லை. மகாராஷ்டிராவின் மோக்கா என்ற திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தில் 18ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் அப்படி வாங்கிய வாக்குமூலங்களும் சேர்ந்துதான் 12 பேரைத் தண்டித்தன, ஐவருக்குத் தூக்கு. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாக்குமூலங்களை நிராகரித்து 12 பேரையும் விடுதலை செய்தது. அரசின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் 2021லேயே சிறையில் இறந்துவிட்டார்.